காரைக்குடிப் பக்கம் வேத வாசிப்புக் குழு தொடங்குகிறீர்களா? முதலில் இதைப் படித்துவிடுங்கள்

செட்டிநாட்டுப் பக்கம் ஆராதனைக்கு ஆலயம் இருக்கிறது, ஜெபக்கூட்டத்துக்கு வீடு இருக்கிறது, கத்தோலிக்கருக்கு அன்பியம் என்ற அக்கம்பக்கத்துக் குழு இருக்கிறது. ஆனால் ஒரு அதிகாரத்தை எடுத்துவைத்து வரிவரியாகப் படித்து, "இங்கே என்னதான் எழுதியிருக்கிறது, இதை யூதர்கள் எப்படி வாசித்தார்கள், கிறிஸ்தவர்கள் எப்படி வாசித்தார்கள்" என்று கேட்கிற கூட்டம் வேண்டுமென்றால் நாமே தொடங்க வேண்டியதுதான். நாங்கள் சிலர் தொடங்கினோம். கேட்பதற்கு ஆள் இல்லாமல் ஒவ்வொன்றிலும் முட்டித்தான் வழி தெரிந்தது. உங்களுக்கு அந்தப் பாடு வேண்டாம்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கடினமான வசனங்களால் குழு உடைவதில்லை. படிக்கிற கூட்டம் மெல்ல மெல்லப் பிரசங்கக் கூட்டமாகி, ஒருவர் பேச மற்றவர்கள் தலையாட்டும் நிலைக்கு வந்து, பிறகு ஒவ்வொருவராக வராமல் போய்விடுகிறார்கள். கீழே சொல்வதில் பாதி அதைத் தடுப்பதற்கான ஏற்பாடு.

1. ஆள்: எட்டுப் பேர், இரண்டு சபைக்குக் குறையாமல்

ஆறு முதல் பத்துப் பேர் சரியான அளவு. பன்னிரண்டைத் தாண்டினால் இரண்டாகப் பிரியுங்கள். எல்லாரும் ஒரே சபையென்றால் பேச்சு சீக்கிரம் தீர்ந்துவிடும். போன ஞாயிறு கேட்ட பிரசங்கம்தான் திரும்ப வரும். ஆர்.சி. (கத்தோலிக்கர்), சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), பெந்தெகொஸ்தே என்று கலந்திருந்தால் ஒருவர் சாதாரணமாக நினைப்பது அடுத்தவருக்குப் புதிதாக இருக்கும். எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரும் இருக்கிறார், கிறிஸ்தவர் அல்லர். உரையோடு நூல் படித்துப் பழகியவர் என்பதால் அவர் கேட்கிற கேள்விகள்தான் பல நாள் கூட்டத்தை நகர்த்துகின்றன.

கிறிஸ்தவர் அல்லாதவர் வந்தால் அவராக விரும்பி வர வேண்டும். கூட்டம் முடிந்தபின் தனியே கூப்பிட்டு ஜெபித்து அனுப்புகிற வேலை கூடவே கூடாது. அதை யாராவது ஒருமுறை செய்தால் அந்த நண்பர் மறுவாரம் வரமாட்டார். தெருவில் பேச்சும் கிளம்பும். பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் வந்தால் பெற்றோர் கையெழுத்திட்ட ஒரு வரிச் சம்மதக் கடிதம் வாங்கிக் கோப்பில் வையுங்கள். மாமா பிள்ளை, சித்தி பிள்ளை என்றாலும் வாங்குங்கள்.

வாட்ஸ்அப் குழு தேவைப்படும். நிர்வாகி மட்டும் செய்தி போடும்படி முதல் நாளே அமைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் காலை வணக்கமும் கடைசிக்காலத் தீர்க்கதரிசன வீடியோவும் வந்து குவிந்து, இந்த வாரம் எந்த அதிகாரம் என்ற செய்தி எங்கேயோ மேலே போய்விடும்.

2. சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லுங்கள்: காகிதங்கள்

மூன்று காகிதம் போதும்.

முதலாவது, உங்கள் பங்குத்தந்தைக்கும் சபைப் போதகருக்கும் ஒரு பக்கக் கடிதம். அனுமதி கேட்காதீர்கள், தகவலாகச் சொல்லுங்கள்: என்ன படிக்கிறோம், எங்கே, எந்த நேரம், காணிக்கை வாங்குவதில்லை, ஆராதனை நேரத்தோடு மோதாது. கடைசி இரண்டும்தான் அவர்கள் தேடிப் படிக்கிற வரிகள். விலாசம் எழுதும்போது கவனம்: சி.எஸ்.ஐ. சபையில் ஆயர் என்றால் உள்ளூர்ப் போதகர். கத்தோலிக்கரிடம் ஆயர் என்றால் மறைமாவட்டத் தலைவர். ஒரே கடிதத்தை நகலெடுத்து இரண்டு பக்கமும் கொடுத்தால் ஓரிடத்தில் சிரிப்பார்கள், இன்னோரிடத்தில் கடிதம் மறைமாவட்டத் தலைமையிடமான சிவகங்கைக்குப் போய்விடும். நேரில் கொடுப்பது நல்லது. ஞாயிறு ஆராதனை முடிந்த நெரிசலில் நீட்டாதீர்கள்; வாரநாளில் சாயங்காலம் போங்கள்.

இரண்டாவது, வீட்டுக்காரர் சம்மதக் கடிதம். இதைப் பற்றி அடுத்த படியில்.

மூன்றாவது, குழு ஒப்பந்தம். ஐந்தாறு வரிதான்: வசன எண் சொல்லிப் பேசுவது, ஒரு தடவைக்கு இரண்டு நிமிடம், எந்தச் சபையையும் பெயர் சொல்லிக் குறைகூறாமல் இருப்பது, இங்கே சொன்ன சொந்தக் கதையை வெளியே சொல்லாமல் இருப்பது, பணம் வசூலிக்காமல் இருப்பது. எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். முதலில் இதெல்லாம் எதற்கு என்பார்கள். இரண்டாம் மாதம் யாராவது ஒருவரை நிறுத்த வேண்டி வரும்போது இந்தக் காகிதம்தான் உங்களுக்காகப் பேசும்.

காவல் நிலையத்தில் எழுதிக்கொடுக்க வேண்டுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வீட்டுக்குள் பத்துப் பேர் உட்கார்ந்து ஒலிபெருக்கி இல்லாமல் புத்தகம் படிப்பது வேறு. ஒலிபெருக்கி கட்டுவது வேறு. ஒலிபெருக்கிக்கு எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும் என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொது இடத்தில் கூடாது. படிக்கிற கூட்டத்துக்கு மைக் எதற்கு? வாங்கவே வாங்காதீர்கள். வாசலில் பலகை மாட்டுவது, வீட்டுக்கு ஜெபவீடு என்று பெயர் வைப்பது, வாராவாரம் பாட்டும் கைத்தட்டலும் சேர்ப்பது என்று போனால் அது வழிபாட்டுக் கூடம் என்ற கணக்கில் வரும். அதற்கான அனுமதி வேறு கதை. பக்கத்து வீட்டுக்காரர்களிடம் முதல் வாரமே நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள். தெருவில் அவர்கள் வண்டி நிறுத்துகிற இடத்தில் உங்கள் ஆட்கள் வண்டியை விடாமல் பார்த்துக்கொண்டாலே பாதிப் பிரச்சினை வராது.

குழுவைச் சங்கமாகப் பதிவு செய்யலாமே என்று உற்சாகமான ஒருவர் சொல்வார். 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது ஏழு பேர், விதிமுறை, நிர்வாகக் குழு, ஆண்டுதோறும் கணக்குத் தாக்கல் என்று நீளும். தலைவர் யார், செயலாளர் யார் என்ற பேச்சு தொடங்கினால் வேதமாவது வாசிப்பாவது. வேண்டாம்.

கானாடுகாத்தான் பக்கம் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. அங்கே பாரம்பரிய விடுதிகளில் தங்கும் வெளிநாட்டுப் பயணிகள் சிலர் ஆர்வத்தில் வந்து உட்காருவார்கள். கேட்கலாம், பேச்சில் கலந்துகொள்ளலாம். சுற்றுலா விசாவில் வந்தவரைப் பிரசங்கம் செய்யச் சொல்வதோ, அவர் கொண்டுவந்த துண்டுப்பிரசுரத்தை விநியோகிப்பதோ கூடாது. சமயப் பணிக்குத் தனி விசா உண்டு. சிக்கலில் மாட்டுவது அவர் மட்டுமல்ல, இடம் கொடுத்தவரும்தான்.

3. இடம்: பெரிய வீட்டைப் பார்த்து மயங்காதீர்கள்

ஆத்தங்குடிக் கல் பதித்த வளவும் (முற்றத்தைச் சுற்றிய உள்பகுதி) பட்டாலையும் தேக்குத் தூணும் பார்த்தால் கூடிப் படிக்கக் கட்டின வீடு மாதிரியே தோன்றும். சாவி வைத்திருப்பவர் "தாராளமா வந்து உக்காருங்க" என்றும் சொல்லிவிடுவார். ஆனால் பழைய நகரத்தார் வீடுகள் பலவற்றுக்குப் பங்காளிகள் பலர். ஒருவர் சென்னையில், ஒருவர் மலேசியாவில், ஒருவர் அடுத்த தெருவில். ஒரு பங்காளி சம்மதம் கொடுத்தால் மற்றவருக்கு அது போதாது. படைப்பு நடக்கிற வீடு என்றால் கேட்காமலே விட்டுவிடுங்கள். முன்னோர் நினைவுக்குரிய இடத்தில் வேறு சமய நூலை விரிப்பதற்கு வீட்டு ஆச்சி மனதார ஒப்ப மாட்டார்கள், ஒப்பும்படி கேட்பதும் முறையில்லை. கல்யாண முகூர்த்த மாதங்களில் வீடு கைக்கு வராது என்பதையும் கணக்கில் எடுங்கள்.

வசதிப்படியும் அந்த இடம் ஒத்துவரவில்லை. வளவில் பேச்சு எதிரொலிக்கிறது. மழை பெய்தால் முற்றத்துச் சத்தத்தில் ஒன்றும் கேட்பதில்லை. வயதானவர்கள் தரையில் உட்கார முடிவதில்லை.

கடைசியில் நன்றாக அமைந்தது சாதாரண வீட்டு முன்கூடம். பத்து நாற்காலி, நடுவில் ஒரு மேசை, இரண்டு டியூப்லைட், மின்வெட்டுக்கு இன்வெர்ட்டர். வாடகை வீடென்றால் உரிமையாளரிடம் ஒரு வரி எழுதி வாங்குங்கள்: வாரம் ஒரு நாள், இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை, இத்தனை பேர். அந்தக் கடிதம் இல்லாமல் தொடங்கினால், நாலாம் வாரம் யாரோ ஏதோ சொல்ல, உரிமையாளர் போனில் வேண்டாம் என்பார். ஆலயத்துப் பாரிஷ் ஹால் இலவசமாகக் கிடைக்கலாம். கலப்புக் குழுவாக இருந்தால் அங்கே மற்ற சபையார் விருந்தாளி போலவே உட்கார்ந்திருப்பார்கள், வாய் திறக்கமாட்டார்கள்.

4. நாள், நேரம்

செவ்வாய் அந்தோனியார், புதன் சகாய மாதா நவநாள், வெள்ளி உபவாச ஜெபம், தவக்காலமென்றால் சிலுவைப்பாதை, சனி பாடகர் பயிற்சி, ஞாயிறு கேட்கவே வேண்டாம். மிஞ்சுவது திங்களும் வியாழனும். நாங்கள் வியாழன் எடுத்தோம். பெரிய வியாழன் அன்று மட்டும் விடுமுறை.

மாலை 6.30க்குத் தொடங்கி 8.00 மணிக்கு முடியுங்கள். பள்ளத்தூர், கோட்டையூர், கல்லல் பக்கமிருந்து வருகிறவர்கள் பஸ்ஸை நம்பி வருகிறார்கள். கூட்டம் பத்து நிமிடம் நீண்டால் பெண்கள்தான் முதலில் நின்றுபோவார்கள். எங்கள் அனுபவத்தில் சுவாரசியமான கேள்வி எப்போதும் 7.55க்குத்தான் வரும். அதை எழுதிவைத்துக்கொண்டு மறுவாரம் முதலில் எடுங்கள்.

மாசி, பங்குனியில் காரைக்குடி மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் திருவிழா நடக்கும் நாட்களில் பால்குடமும் காவடியுமாகச் சாலை நிறைந்திருக்கும். அந்த வாரம் வைக்காதீர்கள். மே மாதம் பாதிப் பேர் ஊரில் இருக்கமாட்டார்கள். தொடங்குவதற்கு ஜூன் மூன்றாம் வாரம் அல்லது ஜனவரி மூன்றாம் வாரம் நல்லது. முடிவெடுத்த நாளிலிருந்து முதல் கூட்டத்துக்கு ஒரு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். கடிதம், இடம், நகல் எல்லாம் முடிய அவ்வளவு ஆகிவிடும்.

5. எந்த வேதாகமம்?

கலப்புக் குழுவில் இரண்டு தமிழ் வேதாகமம் மேசைமேல் இருக்கும். சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே ஆட்கள் கொண்டுவருவது பழைய திருப்புதல். கத்தோலிக்கர் கொண்டுவருவது 1995இல் வெளிவந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு. நூல்களின் பெயர்களே வேறு. உபாகமம் எடுங்கள் என்றால் பாதிப் பேர் இணைச்சட்டத்தைத் தேடவேண்டும் என்று தெரியாமல் முழிப்பார்கள். ஆதியாகமம் தொடக்கநூல், யாத்திராகமம் விடுதலைப் பயணம், சங்கீதம் திருப்பாடல்கள், நியாயாதிபதிகள் நீதித்தலைவர்கள், அப்போஸ்தலர் நடபடிகள் திருத்தூதர் பணிகள் என்று ஒரு பட்டியலை ஒரு பக்கத்தில் அடித்து எல்லாருக்கும் கொடுத்துவிடுங்கள்.

எண்ணிக்கையும் வேறு. சீர்திருத்த சபைகளுக்கு 66 நூல்கள், கத்தோலிக்கருக்கு 73. யூதர்களின் வேதமான தனாக்கில் 24. அந்த 24 நூல்களின் உள்ளடக்கமும் சீர்திருத்த சபைப் பழைய ஏற்பாட்டின் 39 நூல்களும் ஒன்றுதான். சேர்த்தும் பிரித்தும் எண்ணுவதில் வித்தியாசம். வரிசையும் மாறும்: தோரா (மோசேயின் ஐந்து நூல்கள்), தீர்க்கதரிசிகள், எழுத்துகள் என்று போய் நாளாகமத்தில் முடியும், நம் பழைய ஏற்பாட்டைப் போல மல்கியாவில் அல்ல. இதிலிருந்து வருகிற நடைமுறைப் புத்திமதி: முதல் ஆண்டில் தானியேலையும் எஸ்தரையும் தொடாதீர்கள். கத்தோலிக்க வேதாகமத்தில் தானியேல் 14 அதிகாரம், மற்றதில் 12. எஸ்தரிலும் கூடுதல் பகுதிகள் உண்டு. முதல் கூட்டமே எது வேதம் என்ற வழக்காக முடியும்.

யூதப் பதிப்புகளில் வசன எண்ணும் அங்கங்கே ஒன்றிரண்டு தள்ளிப்போகும். சங்கீதத்தின் தலைப்பையும் அவர்கள் வசனமாக எண்ணுவதால் 51ஆம் சங்கீதம் இரண்டு எண் தள்ளி ஓடும். நம் உபாகமம் 23:3 அங்கே 23:4. உரை தேடும்போது கிடைக்கவில்லையென்றால் ஒரு எண் முன்னும் பின்னும் பாருங்கள்.

எல்லாரும் தங்கள் புத்தகத்தைக் கொண்டுவரட்டும். ஆனால் அன்றைய பகுதியை ஒரே தாளில் இரண்டு பத்தியாக, இடப்பக்கம் பழைய திருப்புதல், வலப்பக்கம் பொது மொழிபெயர்ப்பு என்று அடித்துக் கையில் கொடுங்கள். ஓரத்தில் எழுத இடம் விடுங்கள். சொந்த வேதாகமத்தில் பேனா வைக்க நம் ஆட்களுக்கு மனம் வராது. தாளில் கோடு போடுவார்கள், கேள்விக்குறி போடுவார்கள். இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகுதான் எங்கள் கூட்டத்தில் பேசாதவர்கள் பேசத் தொடங்கினார்கள். புதிய மொழிபெயர்ப்புகளுக்குப் பதிப்புரிமை உண்டு. வாரம் ஒரு பகுதி குழுவுக்குள் வாசிக்க எடுப்பதோடு நிறுத்துங்கள், முழு நூலை நகலெடுத்து வெளியே கொடுக்காதீர்கள்.

6. முதல் நூல்: ரூத்து

நற்செய்தியில் தொடங்கலாம் என்று எல்லாரும் சொல்வார்கள். அங்கே எல்லாருக்கும் எல்லாம் ஏற்கனவே தெரியும், அதனால்தான் வேண்டாம். ரூத்து நாலு அதிகாரம், 85 வசனம். ஆறு வாரத்தில் முடியும். அறுவடை, பஞ்சம், மாமியார் மருமகள், சொத்துப் பங்கு, பங்காளி உரிமை என்று எல்லாமே நம் பக்கத்துக் கதை. யூதர்கள் இதை அறுவடைப் பண்டிகையான ஷாவுவோத் அன்று வாசிக்கிறார்கள். அதே பண்டிகைதான் அப்போஸ்தலர் 2இல் பெந்தெகொஸ்தே நாள் என்று வருகிறது. இதைச் சொன்னால் பெந்தெகொஸ்தே சகோதரர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இரண்டாம் அதிகாரம் படித்த மாலையைச் சொல்கிறேன், எப்படிப் போகும் என்று தெரிய. மருமகள் ரூத் நாள் முழுக்கக் கதிர் பொறுக்கி, அடித்துப் பார்த்தபோது ஏறக்குறைய ஒரு எப்பா வாற்கோதுமை இருந்தது என்று 17ஆம் வசனம். எப்பா என்பதை 22 லிட்டர் அளவு என்று கணக்கிடுகிறார்கள். நாங்கள் அதைத் தாண்டிப் போகப் பார்த்தோம். கல்லல் பக்கத்து விவசாயக் குடும்பத்து அக்கா ஒருவர், அதுவரை மூன்று வாரம் வாயே திறக்காதவர், தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அறுத்த வயல்ல ஒருத்தி பொறுக்கினா ஒரு நாள்ல இவ்வளவு சேராது. வேணும்னே உதுத்து விட்டிருக்காக." ஒருவரும் பேசவில்லை. தமிழாசிரியர் விரலை மேலே நகர்த்தி 16ஆம் வசனத்தில் நிறுத்தினார். அரிகளிலிருந்து சிலவற்றை உருவி அவளுக்காக விட்டுவிடுங்கள் என்று வயலின் சொந்தக்காரன் போவாஸ் வேலையாட்களுக்குச் சொன்னது அங்கே இருக்கிறது. பிறகு லேவியராகமம் 19:9-10க்குப் போனோம்: வயலின் ஓரத்தை முழுக்க அறுக்காதே, சிந்தினதைப் பொறுக்காதே, ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவிடு. சட்டம் கேட்டது ஓரத்தையும் சிந்தினதையும். போவாஸ் கட்டிலிருந்தே உருவச் சொல்கிறான். எந்த விளக்கவுரையையும் திறக்காமல் வந்த இடம் இது.

7. ஒன்றரை மணி நேரத்தை எப்படிப் பங்கு வைப்பது

முதல் பத்து நிமிடம்: பகுதியைச் சத்தமாக இரண்டு தடவை, இரண்டு மொழிபெயர்ப்பிலும், இரண்டு பேர் வாசிக்க.

அடுத்த இருபத்தைந்து நிமிடம்: எழுதியிருப்பது என்ன? யார், எங்கே, யாரிடம், எந்தச் சொல் திரும்ப வருகிறது, எது சொல்லாமல் விடப்பட்டிருக்கிறது. இந்த நேரத்தில் பொருள் சொல்லக் கூடாது. இதுதான் கஷ்டமான பகுதி, நம் ஆட்களுக்கு வசனத்தைப் பார்த்த உடனே அர்த்தம் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த இருபது நிமிடம்: இருவர் இருவராக. யூதர்களின் படிப்பு முறையில் இதற்கு ஹவ்ருத்தா என்று பெயர். ஒருவர் வாசிக்க மற்றவர் மறுத்துக் கேட்பார். சத்தமாகத்தான் இருக்கும், கவலைப்படாதீர்கள். கணவன் மனைவியை ஒரே ஜோடியாக உட்கார வைக்காதீர்கள். காரணம் சொல்லத் தேவையில்லை.

அடுத்த இருபத்தைந்து நிமிடம்: உரைகள், இணைவசனங்கள். கடைசிப் பத்து நிமிடம் நமக்கு என்ன என்று விரும்பினவர் சொல்லலாம், விரும்பினால் ஒரு சிறிய ஜெபம், முடிவு.

நடத்துபவர் வாரம் ஒருவராக மாற வேண்டும். போதகரோ உபதேசியாரோ குழுவில் இருந்தால் முதல் இரண்டு மாதம் அவரை நடத்த விடாதீர்கள்; அவரிடமே முன்கூட்டிச் சொல்லிவிட்டால் பெரும்பாலும் மகிழ்ச்சியாக ஒப்புக்கொள்வார். அவருக்கும் ஒரு நாள் சும்மா உட்கார ஆசை இருக்கும்.

அன்பியத்தில் பழகினவர்கள் ஏழு படி முறையில் நற்செய்திப் பகிர்வு செய்து பழகியிருப்பார்கள். மனதைத் தொட்ட சொல்லைச் சொல்லி மௌனமாக இருப்பது அதில் முக்கியம். அது ஜெபத்துக்கான முறை. அதை இங்கே கலந்தால் கேள்வி கேட்பவர் குற்றவாளி போல ஆகிவிடுவார். இரண்டும் இரண்டு நாளில் இருக்கட்டும்.

8. உரைகளைக் கடைசியில் திறங்கள்

நம்மூரில் இதைப் புரியவைப்பது சுலபம். குறளுக்குப் பதின்மர் உரை இருக்கிறது. பரிமேலழகர் ஒன்று சொல்வார், மணக்குடவர் வேறு சொல்வார், இரண்டையும் வைத்துக்கொண்டுதான் படிக்கிறோம். யூதர்களின் வேதப் பதிப்புகளிலும் நடுவே மூலமும் சுற்றிலும் பல உரைகளும் அச்சாகியிருக்கும். அவற்றில் முதலில் பார்க்க வேண்டியவர் ராஷி, பிரான்சின் துருவா நகரத்தவர், 1040 முதல் 1105 வரை வாழ்ந்தவர். சுருக்கமாக எழுதுவார், மூலச் சொல்லை விட்டு நகரமாட்டார். செஃபாரியா என்ற தளத்தில் எபிரேய மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் உரைகளும் இலவசம். ஆங்கிலம் வசப்படுகிற ஒருவர் அந்த வாரப் பகுதிக்கான இரண்டு உரைக் குறிப்பைத் தமிழில் எழுதிவந்தால் போதும்.

ஏன் இந்தச் சிரமம் என்று கேட்பீர்கள். உபாகமம் 23:3இல், மோவாபியர் பத்துத் தலைமுறை ஆனாலும் கர்த்தருடைய சபைக்குள் வரக் கூடாது என்று இருக்கிறது. ரூத் மோவாபியப் பெண். தாவீதின் பாட்டனைப் பெற்றவள். இது எப்படி? எங்கள் கூட்டத்தில் இந்தக் கேள்வி எழுந்தபோது "கிருபை" என்று ஒரே சொல்லில் முடிக்கப் பார்த்தார்கள். ரபிகள், அதாவது யூத வேத ஆசிரியர்கள், அப்படி முடிக்கவில்லை. அவர்களுடைய பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில், யெவமோத் என்ற பகுதியின் 8:3இல், தடை ஆண்களுக்கு, பெண்களுக்கு இல்லை என்று தீர்ப்பு. மிஷ்னாவை விவாதிக்கிற தல்மூத் அதற்குக் காரணமும் தேடுகிறது: எகிப்திலிருந்து வந்த இஸ்ரவேலருக்கு வழியில் அப்பமும் தண்ணீரும் கொண்டு எதிரே வரவில்லை என்பதுதானே மோவாபின் குற்றம், வழியில் எதிர்கொண்டு வருவது ஆண்களின் வழக்கம், பெண்களுடையது அல்ல. நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் சிக்கலை மூடிவிடாமல் கையில் எடுத்துப் பார்க்கிறார்கள். பிறகு மத்தேயு 1:5க்கு வாருங்கள். இயேசுவின் வம்சவரிசையில் தாமார், ராகாப், ரூத், உரியாவின் மனைவி என்று மத்தேயு ஏன் இந்தப் பெண்களைத் தேடி எடுத்தார் என்று கேளுங்கள். அன்று கூட்டம் 8 மணிக்கு முடியாது. முடித்துவிடுங்கள்.

ஒரு கட்டுப்பாடு: தனாக்கைப் படிக்கும்போது அடுத்த வரியிலேயே இயேசுவுக்குத் தாவ வேண்டாம். முதலில் அந்த நூல் தன் போக்கில் என்ன சொல்கிறது, அதை இன்றும் ஓய்வுநாள்தோறும் வாசிக்கிற மக்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டபின் புதிய ஏற்பாட்டுக்கு வரலாம். செட்டிநாட்டில் யூத சமூகம் கிடையாது, பதில் சொல்ல ஆள் அறையில் இல்லை. அதனால் கூடுதல் பொறுப்பு. பரிசேயர், யூதர் என்ற பேச்சு வரும்போது ஒரு இனத்தையே திட்டுகிற வழக்கம் நம் மேடைகளில் இருக்கிறது. இயேசுவின் பாடுகளுக்கு அன்றைய யூதர் எல்லாரையும் இன்றைய யூதரையும் குற்றம் சாட்டக் கூடாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் அறிவித்துவிட்டது. கத்தோலிக்கர் அல்லாதவர்களும் அதைக் கேட்டுவைப்பது நல்லது.

9. சண்டை வரும் இடங்கள்

கம்பன் கழகம் 1939இல் தொடங்கிய ஊர் இது. மேடையில் அணி பிரிந்து வாதாடுவது இரத்தத்தில் ஊறியிருக்கிறது. ரூத் நல்லவளா மாமியார் நகோமி நல்லவளா என்று ஒருவர் ஆரம்பித்தால் உடனே இரண்டு அணி ஆகிவிடும், கைத்தட்டல்கூட விழும். ரசித்துவிட்டு, "அண்ணே, எந்த வசனம்?" என்று கேளுங்கள். இந்தக் கேள்வி எல்லா நோய்க்கும் மருந்து. நீளமாகப் பேசுகிறவர், தரிசனம் கண்டதாகச் சொல்கிறவர், யூடியூப் போதகரை மேற்கோள் காட்டுகிறவர், எல்லாரிடமும் இதே கேள்வி, இதே மரியாதையான குரல்.

ஞானஸ்நானம், மாதா வணக்கம், அந்நியபாஷை மூன்றையும் முதல் ஆறு மாதம் பேசுவதில்லை என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். அன்றைய பகுதியில் அது நேரடியாக வந்தால் மட்டும் விதிவிலக்கு. ரூத்தில் வராது.

10. செலவு

பத்துப் பேருக்கு வாரம் நாலு பக்கம், மாதம் நாலு வாரம் என்றால் 160 பக்கம். ஜெராக்ஸ் ஒன்றரை முதல் இரண்டு ரூபாய் வரை, மாதம் 240 முதல் 320 ரூபாய். கல்லூரிப் பக்கத்துக் கடைகளில் மொத்தமாகக் கொடுத்தால் குறையும். பரீட்சை நேரத்தில் காத்திருக்க வேண்டி வரும், ஒரு நாள் முன்பே கொடுங்கள். டீயும் சுண்டலும் வீட்டுக்காரர் தலையில் கட்டாதீர்கள். வாரம் ஒருவர் முறை. பலகாரப் போட்டி தொடங்கிவிடும், இது செட்டிநாடு. ஒரே பலகாரம், ஒரே டீ என்று ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள். சிரிக்காதீர்கள், கந்தரப்பமும் சீயமும் கொண்டுவந்த வீட்டுக்கு அடுத்த வாரம் வருகிறவர் சுண்டலோடு வர வெட்கப்பட்டு நின்றுபோகிறார்.

புத்தகமாக வாங்க வேண்டியது குறைவு. இரண்டு மொழிபெயர்ப்பிலும் ஒவ்வொரு பிரதி, ஒரு தமிழ் ஒத்துவாக்கிய அகராதி (ஒரு சொல் எந்தெந்த வசனத்தில் வருகிறது என்று காட்டுவது). கட்டுக்குத் தகுந்தபடி ஒவ்வொன்றும் சில நூறு ரூபாய். மதுரைக்கோ திருச்சிக்கோ போகிறவரிடம் சொல்லிவிட்டால் பஸ் செலவு மிச்சம். விளக்கவுரைத் தொகுதி முழுதாக வாங்காதீர்கள், அலமாரியில்தான் இருக்கும்.

செலவுக்கு ஒரு நோட்டு. வங்கிக் கணக்கு வேண்டாம், உண்டியல் வேண்டாம். வெளியூரிலிருந்து யாராவது ஊழியத்துக்கு அனுப்புகிறேன் என்றால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். வெளிநாட்டுப் பணமென்றால் அதற்குத் தனிச் சட்டமே இருக்கிறது, பக்கத்திலேயே போகாதீர்கள்.

11. ரூத்துக்குப் பிறகு

ரூத்து முடிந்ததும் இரண்டு வாரம் இடைவெளி விட்டு யோனா எடுங்கள். நாலு அதிகாரம், 48 வசனம், நாலு வாரம். யூதர்கள் பாவநிவாரண நாளான யோம் கிப்பூர் பிற்பகலில் வாசிக்கிற நூல். மத்தேயு 12இல் இயேசு யோனாவின் அடையாளம் என்று பேசுகிறார். இரண்டு வாசிப்பும் ஒன்றையொன்று முட்டுவதும் தொடுவதும் அங்கே நன்றாகத் தெரியும். முதல் அதிகாரத்தின் கடைசி வசனம், மீன் விழுங்குகிற 1:17, எபிரேயப் பதிப்புகளில் 2:1. நகல் எடுக்கும்போதே குறித்துக்கொடுங்கள்.

இந்தக் கட்டத்தில் வழக்கமாக இரண்டு பேர் நின்றிருப்பார்கள், மூன்று பேர் புதிதாகக் கேட்பார்கள். நூலின் நடுவில் யாரையும் சேர்க்காதீர்கள். அடுத்த நூலின் முதல் வாரம் வரச் சொல்லுங்கள். வருவதற்கு முன் ஒப்பந்தத் தாளில் கையெழுத்து.

அதன்பின் மாற்கு. பதினாறு அதிகாரம், வாரம் ஒன்று என்றால் நாலு மாதம். நடுவில் கிறிஸ்துமஸோ தவக்காலமோ வந்தால் ஐந்து. கடைசி அதிகாரத்துக்கு மட்டும் இரண்டு வாரம் ஒதுக்குங்கள். மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளான சினாய்ப் பிரதியும் வத்திக்கான் பிரதியும் 16:8இல் நின்றுவிடுகின்றன. பெந்தெகொஸ்தே நண்பர்கள் அதிகம் மேற்கோள் காட்டும் 16:17-18 அதற்குப் பின்னால் இருக்கிறது. இதை ஒரே மாலையில் பேசி முடிக்க முடியாது. அந்த வாரம் நடத்துகிறவர் யார் என்பதை முன்கூட்டியே யோசித்து, நிதானமானவரிடம் கொடுங்கள்.